பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் மாற்றம் என்று வந்தால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையின் முடிவில் ஏதோ மாற்றம் தெரிகிறது என்று சொல்லிவிட்டால், நம் திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். இல்லையென்றால் அடுத்த மாதமே ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். மகளிர் ஓ.பி.யில் செவிலியராக இருந்தபோது இந்த இரண்டு வகைப் பெண்களையும் நிறையப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்பதை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாப் ஸ்மியர் என்பது சொளவில் போட்டுப் புடைப்பது மாதிரி ஒரு முதல் பிரிப்பு. யாரை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று அது ஒதுக்கித் தரும், அவ்வளவுதான். நோய் இருக்கிறதா, எந்த அளவில் இருக்கிறது என்பதை அதற்குப் பின் வரும் கால்போஸ்கோபியும் (கர்ப்பப்பை வாயைப் பூதக்கண்ணாடிக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது) சதைப் பரிசோதனையும்தான் சொல்லும். கீழே உள்ளது அந்த வரிசை. உங்கள் உடம்பைப் பார்க்கிற டாக்டர் வேறு காரணம் வைத்து மாற்றிச் சொன்னால், அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சொல்படி செய்யுங்கள்.

1. வரிசைக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு மறுபடி ரத்தம் காண்பது, துர்நாற்றத்தோடு ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல், காரணமில்லாமல் நீடிக்கும் இடுப்புவலி. இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்மியர் ரிப்போர்ட் நன்றாகவே இருந்தாலும் நேரே மகப்பேறு மருத்துவரிடம் போய் உள்சோதனை செய்துகொள்ளுங்கள்.

காரணம் இதுதான்: ஸ்மியர் என்பது அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்கான சோதனை. அறிகுறி வந்துவிட்டவர்களுக்கு அது போதாது. புற்றுநோய் இருந்தும் ஸ்மியரில் ரத்தமும் சீழும் மட்டும் தெரிந்து முடிவு மழுங்கிப் போவது உண்டு.

2. ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்

“கொஞ்சம் புண் இருக்கு, மாத்திரை போடுங்க” என்ற வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள். தாளை வாங்குங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயரைச் சரிபாருங்கள். சாதாரண விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு முகாமில் மூன்று இசக்கியம்மாளும் நாலு பேச்சியம்மாளும் இருக்கிற ஊர் நம் ஊர். வயது, கணவர் அல்லது தந்தை பெயர், ஓ.பி. எண், ஸ்மியர் எடுத்த தேதி எல்லாம் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

அடுத்து, மாதிரி போதுமானதாக இருந்ததா என்று ஒரு வரி இருக்கும். போதவில்லை என்று எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு நல்லது, கெட்டது என்று எந்த அர்த்தமும் கிடையாது. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் ‘ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

திரும்ப எடுக்கும்போது, மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20 நாளுக்குள் போவது நல்லது. முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது எதுவும் வேண்டாம். இவையெல்லாம் செல்களை மறைத்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு ஸ்மியருக்குப் பதிலாக அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனை செய்வார்கள். அதில் ‘பாசிட்டிவ்’ என்று சீட்டு கொடுத்தால் நீங்கள் நேராக நான்காம் படிக்கு வாருங்கள்.

3. எழுதியிருப்பது என்ன

அழற்சி, இன்ஃப்ளமேஷன் என்று இருந்தால்: நம் பக்கம் வருகிற ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி காண்பது இதுதான். கிருமித்தொற்று, பூஞ்சைத்தொற்று, காப்பர்-டி, சில நேரம் ஒரு காரணமும் இல்லாமலே வரும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை கிடையாது. தொற்று இருந்தால் அதற்கு மருந்து. பால்வினை வழியாக வரும் தொற்றாக இருந்தால் கணவருக்கும் சேர்த்து மருந்து, இல்லையென்றால் திரும்பி வரும். இதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க ஒரு நியாயமும் இல்லை. உள்சோதனையில் ‘புண்’ என்று சொல்லப்படுவதும் பல நேரம் கர்ப்பப்பை வாயின் உட்புற மெல்லிய தோல் வெளியே தெரிவதுதான். இளம்பெண்களுக்கு அது இயல்பு.

ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்று இருந்தால்: செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று சோதனை செய்யலாம், அல்லது ஒரு வருடத்தில் ஸ்மியரைத் திரும்ப எடுக்கலாம். எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தால் கால்போஸ்கோபி.

எல்.எஸ்.ஐ.எல்.: குறைந்த அளவு மாற்றம். பெரும்பாலும் எச்.பி.வி. தொற்றின் அடையாளம். அதிலும் நிறைய தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் 25 வயது தாண்டியவர்களுக்குப் பொதுவாகக் கால்போஸ்கோபி செய்து பார்ப்பார்கள்.

எச்.எஸ்.ஐ.எல்., ஏ.எஸ்.சி.-எச்.: முதலாவது அதிக அளவு மாற்றம், இரண்டாவது அப்படி இருக்கலாம் என்ற சந்தேகம். இந்த இரண்டில் ஒன்று எழுதியிருந்தால் திரும்ப ஸ்மியர் எடுத்துக் காலத்தைக் கடத்தாதீர்கள். இரண்டாவது ஸ்மியர் நன்றாக வந்தாலும் முதலாவது பொய்யாகிவிடாது. நேராகக் கால்போஸ்கோபி.

ஏ.ஜி.சி.: சுரப்பிச் செல்களில் மாற்றம். இது அபூர்வம், அதனாலேயே அலட்சியப்படுத்தப்படுகிறது. கர்ப்பப்பை வாயின் உள்பாதையிலிருந்தும், 35 வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். டாக்டர் அதைச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

புற்றுநோய்ச் செல் என்றே எழுதியிருந்தால், நாளை காலையில் கிளம்புங்கள்.

எச்.பி.வி. பற்றி வீட்டில் வருகிற சண்டை

இதற்கு எண் போடவில்லை. ஆனால் இங்கேதான் பல பெண்கள் நின்றுவிடுகிறார்கள். எச்.பி.வி. பாசிட்டிவ் என்றதும் “இது எங்கேயிருந்து வந்துச்சு?” என்ற கேள்வி வீட்டில் கிளம்பும். கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி கணவரைப் பார்ப்பார், மாமியார் இரண்டு பேரையும் பார்ப்பார். அத்தோடு சிகிச்சை நின்றுபோகும்.

உடலுறவு வாழ்க்கைக்கு வந்த பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றும். உடம்பு அதைப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது தெரியலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த விசாரணையால் யாருக்கும் பயனில்லை. இதைக் கணவரிடம் நீங்களே சொல்வது சிரமமாக இருந்தால், ஓ.பி.க்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, மருத்துவமனையில் வைத்துக் கேட்கும் கணவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

வைரஸைக் கொல்ல மாத்திரை, ஊசி கிடையாது. அப்படி ஒன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள். வைரஸ் உண்டாக்கிய செல் மாற்றத்துக்குத்தான் சிகிச்சை. புகையிலையும் சிகரெட்டும் உடம்பு வைரஸை விரட்டுவதைத் தடுக்கும், அதனால் அவற்றை நிறுத்துவது இந்த விஷயத்திலும் உதவும். இந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். ரிப்போர்ட்டில் இந்த எண்கள் இருந்தால் ஸ்மியர் சாதாரணமாக இருந்தாலும் கால்போஸ்கோபி செய்வது அதனால்தான்.

4. கால்போஸ்கோபிக்குக் கிளம்பும் முன்

எங்கே செய்கிறார்கள் என்று முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்தக் கருவி இருக்காது. அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி பக்கத்தவர்களைப் பொதுவாகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். சீட்டு இல்லாமல் போனால் எந்தப் பிரிவு, எந்த நாள் என்று வரிசை வரிசையாக நிற்க வேண்டியிருக்கும். ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் எந்த நாளில் போகலாம் என்று விசாரித்துச் சொல்வார். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

நாளை எப்படிக் குறிப்பது? மாதவிலக்கு இல்லாத நாளாக இருக்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் பீடிக் கடையில் சரக்கு ஒப்படைக்கிற நாளைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தேதி வாங்கிவிட்டு, கூலி போகிறதே என்று வராமல் விட்டவர்கள் நிறைய. ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஸ்மியர் ரிப்போர்ட், பழைய ஸ்கேன், ஆபரேஷன் சீட்டுகள், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒன்றிரண்டு நாப்கின். சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிற்றோடு போய் அங்கே மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கூட ஒரு அக்காவோ மைனியோ வரட்டும். பயத்தில் டாக்டர் சொன்னதில் பாதிதான் காதில் ஏறும், மீதியைக் கேட்க இன்னொரு காது வேண்டும்.

டாக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டியவை: கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது, அயோடின் ஒவ்வாமை.

5. மேஜையில் என்ன நடக்கும்

ஸ்மியர் எடுத்த அதே மாதிரிதான் படுக்க வேண்டும். கால்போஸ்கோப் என்பது வெளியே நிற்கும் ஒரு பூதக்கண்ணாடிக் கருவி, அது உடம்புக்குள் வராது. முதலில் அசிட்டிக் அமிலம் தடவுவார்கள், லேசாகக் காந்தும். ஒரு நிமிடம் போல டாக்டர் பேசாமல் இருப்பார். ஏதோ கெட்டதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரிய அவ்வளவு நேரம் ஆகும், அதற்குத்தான் காத்திருக்கிறார்.

அப்புறம் அயோடின். நல்ல தோல் அயோடினைக் குடித்துக் கருஞ்சிவப்பாக மாறும், மாறிய இடம் மஞ்சளாகவே நிற்கும். அந்த இடத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளும் கணத்தில் அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும். அந்த நேரம் ‘ம்’ என்று இருமச் சொல்வார்கள், இருமினால் வலி குறைவாகத் தெரியும். மொத்தம் பத்து, இருபது நிமிடம்.

எடுத்த சதை ஃபார்மலின் ஊற்றிய சின்ன டப்பாவுக்குள் போகும். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். சில இடங்களில் அந்த டப்பாவை வீட்டார் கையிலேயே கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். மூடியில் இல்லாமல் டப்பாவின் உடம்பிலேயே பெயர், வயது, எண் ஒட்டியிருக்கிறதா, சதை திரவத்துக்குள் முழுதாக மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்மலினுக்குப் பதிலாகத் தண்ணீரோ உப்புநீரோ ஊற்றிக்கொண்டு போனால் சதை அழுகி, பட்ட வலி வீணாகும். லேபில் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் பின்னால் ரிப்போர்ட்டைத் தேட முடியும்.

இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படலாம். ரத்தம் நிற்க உள்ளே தடவும் மருந்து கருப்பாக, காபித்தூள் போல வெளியே வரும். அது அழுகலும் இல்லை, கட்டியும் இல்லை. ரத்தப்போக்கு நின்று ஒரு வாரம் வரை தாம்பத்தியம் வேண்டாம். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம், காய்ச்சல், நாற்றம் இருந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

6. சதைப் பரிசோதனை முடிவு

கர்ப்பப்பை வாய்ச் செல்கள் எந்த அளவு மாறியிருக்கின்றன என்பதை இதில் சி.ஐ.என். 1, 2, 3 என்று மூன்று படிகளாகச் சொல்வார்கள். மூன்றுமே புற்றுநோய் ஆகாத நிலைகள். இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

1 என்றால் பொதுவாகச் சிகிச்சை வேண்டாம். ஒரு வருடத்தில் மறுசோதனை. பெரும்பாலானவர்களுக்குத் தானே மறைந்துவிடும். ஒரு விதிவிலக்கு: ஸ்மியரில் எச்.எஸ்.ஐ.எல். என்றும் சதையில் 1 என்றும் வந்தால், கிள்ளிய இடம் தவறியிருக்கலாம். இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டவும் நீங்கள் கேட்டு வாங்கலாம்.

2 என்றால் பொதுவாகச் சிகிச்சை. இன்னும் குழந்தை வேண்டும் என்கிற இளம்பெண்களுக்குச் சிலசமயம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் உண்டு.

3 என்றால் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையே இல்லாமல் விட்டால் 30 வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் புற்றுநோயாக மாறியதை நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இன்று ராத்திரியே ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. சில வாரங்களுக்குள் தேதி வாங்குங்கள். ஆடி முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அது வருடக்கணக்கில் போய்விடுகிறது.

7. சிகிச்சையும், கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிற பேச்சும்

மாறிய இடம் முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இல்லையென்றால், சூடு வைத்தோ குளிரால் உறையவைத்தோ அந்த இடத்தை மட்டும் அழிக்கலாம். மாற்றம் உள்பாதைக்குள் போயிருந்தால் அல்லது சந்தேகம் இருந்தால் லீப் என்ற முறையில் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள். லீப்பில் எடுத்த சதை லேபுக்குப் போவதால், ஓரம் வரை நோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்குங்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டே முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதன்பின் சில வாரம் யோனி வழியாகத் தண்ணீர் போலக் கசியும். நான்கு முதல் ஆறு வாரம் தாம்பத்தியம் வேண்டாம், கனத்த குடம் தூக்குவதும் கொஞ்சநாள் வேண்டாம். பின்னால் கர்ப்பமானால் லீப் செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதால் கர்ப்பப்பை வாயைக் கவனித்து வருவார்கள்.

“கர்ப்பப்பைய எடுத்துப் போட்டா சோலி முடிஞ்சிரும்லா, பிள்ளையெல்லாம் பெத்தாச்சே” என்று கேட்காத குடும்பம் இல்லை. சோலி முடியாது. சி.ஐ.என். 3-ஆகவே இருந்தாலும் முதல் சிகிச்சை அந்த இடத்தை மட்டும் எடுப்பதுதான். இன்னொரு பெரிய காரணமும் உண்டு. உள்ளே ஏற்கெனவே புற்றுநோய் தொடங்கியிருந்து, அது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், நோய் மிச்சமாகி அடுத்த சிகிச்சை கடினமாகிவிடும். புற்றுநோய்க்கான ஆபரேஷன் வேறு மாதிரி, அதைச் செய்கிறவர்களும் வேறு. ஆகவே ஸ்மியர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், “கால்போஸ்கோபியும் சதை டெஸ்ட்டும் முதலில் பார்த்துவிடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள். எடுத்துத்தான் ஆகவேண்டிய நிலைகளும் உண்டு, அதை முடிவு செய்யச் சதைப் பரிசோதனை கையில் இருக்க வேண்டும்.

8. கொஞ்சம் வேறுமாதிரி பார்க்கவேண்டியவர்கள்

கர்ப்பிணிகளுக்குக் கால்போஸ்கோபி செய்யலாம், குழந்தைக்கு ஆபத்தில்லை. உள்பாதையைச் சுரண்டி எடுப்பதை மட்டும் தவிர்ப்பார்கள். புற்றுநோய் இல்லையென்றால் சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகுதான். பிரசவம் ஆன களைப்பில் இதை மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அட்டையிலேயே உங்கள் மறுசோதனைத் தேதியையும் எழுதிவையுங்கள்.

மாதவிடாய் நின்ற ஆச்சிமார்களுக்கு உள்தோல் வறண்டு மெலிந்து, செல்கள் மாறியதுபோலவே தெரியும். டாக்டர் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தந்து மறுபடி பார்க்கலாம். வி.ஐ.ஏ. சோதனை இந்த வயதில் அவ்வளவு நம்பகமில்லை, கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறக்கூடிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாற்றம் வேகமாக முற்றும் என்பதால் சோதனையும் அடிக்கடி வேண்டும். சி.ஐ.என். 2, 3-க்குப் பின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் யோனியின் மேல்பகுதியில் மாற்றம் வரலாம் என்பதால் சோதனை தொடர வேண்டும்.

9. அடுத்த தேதிகள்

சிகிச்சை முடிந்த பெண்கள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். வலி இல்லை, ரத்தம் இல்லை, இனி எதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்று தோன்றிவிடும். திரும்பி வருகிற மாற்றமும் வலிக்காது, ரத்தம் காட்டாது.

சி.ஐ.என். 2, 3-க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஆறாவது மாதம் எச்.பி.வி. சோதனை, அந்த வசதி இல்லாத இடத்தில் ஸ்மியர். அது நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை என மூன்று வருடம், அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 25 வருடம் வரை. நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு வருடத்தில் வரச் சொல்லி, அதன்பின் இடைவெளி வேறாகச் சொல்லலாம். சீட்டில் உள்ளபடி போங்கள், ஆனால் ‘இனி வர வேண்டாம்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எல்லாத் தாளையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் தேதிவாரியாக வையுங்கள். மகள் வீட்டுக்கு, திருப்பூருக்கோ சென்னைக்கோ, மாதக்கணக்கில் போகிறவர்கள் கவரையும் கூடக் கொண்டுபோங்கள். அங்கேயும் அரசு மருத்துவமனையில் காட்டலாம். போன் எண் மாறினால் ஓ.பி. பதிவேட்டில் மாற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்தும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டு அலுத்துப்போன செவிலியர்களை எனக்குத் தெரியும்.

மகளுக்கு 9 முதல் 14 வயது என்றால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி அதே ஓ.பி.யில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது இருக்கிற மாற்றத்தை அந்த ஊசி சரிசெய்யாது. அதனால் ஊசி போட்டுக்கொண்டாலும் கவரில் எழுதியிருக்கும் தேதிக்கு நீங்கள் போக வேண்டும்.